பதினோராவது பட்டை

மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டில்காரருக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவிவிட்டது, ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஊசி போட வந்தால் "எதுக்கு?" என்பார். காரணம் சொன்னால் "யார் சொன்னது?" என்பார். பெரிய டாக்டர் என்றால், "அவர் இதைத் தனக்குப் போட்டுக்குவாரா?" என்பார். நர்ஸுக்குப் பாதி உயிர் போய்விடும்.

வேலையிலிருந்த காலத்தில் அவருக்குப் போர்வைக்காரர் என்று பேர். கொதிகலனிலிருந்து கிளம்புகிற நீராவிக் குழாயின் சூடு வெளியே ஓடிவிடாமல் மேலே கனமாகப் பூசி, தகரச் சட்டை மாட்டி, இரும்புப் பட்டை போட்டு இறுக்குவது அவர் தொழில். முப்பத்திரண்டு வருஷம் செய்தார். ஓய்ந்து இருபது வருஷம் ஆகிறது.

இப்போது அவர் நெஞ்சுக்கூட்டில் தண்ணீர் கட்டிவிட்டது. வலது விலாவில் ஓட்டை போட்டு, விரல் தடிமனில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்கடியில் ஒரு பாட்டிலில் விட்டிருந்தார்கள். "ஊர்க் குழாயெல்லாம் பார்த்தேன், கடைசியில எனக்கே ஒண்ணு மாட்டிட்டானுங்க. அதுலயும் மூட்டு சரியில்ல, கசியுது பார்" என்று பத்தாம் கட்டில்காரரிடம் குறைபட்டுக்கொள்வார்.

பத்தாம் கட்டில்காரர் சினிமாக் கொட்டகை வாசலில் நின்று இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்தவர். பேரே டிக்கெட் ஆகிவிட்டது. கால் எலும்பு முறிந்து கிடந்தார். காலுக்குத்தான் கட்டு. வாய்க்குக் கட்டு கிடையாது. கொட்டகை வாசலில் கத்திப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசினாலே எதிர் வார்டுக்குக் கேட்கும்.

அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு போர்வைக்காரரின் மகள் திடுதிடுவென்று வார்டுக்குள் வந்தாள். முழு நீல உடுப்பு, கனத்த பூட்ஸ், கக்கத்தில் தலைக்கவசம். குழாய் பொருத்துகிறவள். கழட்டுவதும் அவளேதான். அவளும், ஆறடி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஐந்தடி ஆளும் சேர்ந்து பழைய ஆலைகளில் குழாய் இறக்கும் வேலையை எடுத்துச் செய்கிறார்கள்.

"அப்பா, ஒண்ணு காட்டறேன். கத்தக்கூடாது."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று அவர் கத்தினார்.

அவள் கைபேசியை நீட்டினாள். மங்கலான படம். கூரையை ஒட்டி ஒரு தடித்த குழாய் ஓடி, மூலையில் வளைந்து கீழே இறங்கியது. நேராக ஓடுகிற இடமெல்லாம் தகரச் சட்டை. வளைவில் மட்டும் தகரம் மடங்காது, அதனால் வெறும் பூச்சு. அந்தப் பூச்சில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல். மோதிர விரல் மட்டும் பாதி.

போர்வைக்காரர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தகரம் வெட்டி எடுத்துக்கொண்ட விரல் அங்கேயும் பாதி, இங்கேயும் பாதி.

"அடி, என் கைடீ இது!" பாட்டில் குழாய் இழுபட, எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எங்க இருக்கு? எங்க?"

"இந்த ஆஸ்பத்திரிக்கு அடியிலதான். பழைய சலவைக்கூடம். பூட்டிப் பத்து வருஷம் ஆச்சாம். குழாயெல்லாம் இறக்கச் சொல்லி எங்களுக்கு வேலை குடுத்திருக்காங்க. நேத்துப் போய்ப் பார்த்தேன், உன் கை நின்னு கும்பிடு போடுது."

அவர்கள் கூட்டத்தில் அது வழக்கம். வளைவைப் பூசி முடித்தவன், ஈரம் காய்வதற்குள் கையைப் பதித்துவிடுவான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்தானே பாதிப் பேர். வேலை பிய்ந்தால் யார் கையென்று பார்த்து வந்து உதைக்கலாம். போர்வைக்காரரின் வேலை பிய்ந்ததில்லை. ஒருத்தனும் உதைக்க வந்ததில்லை.

"நாப்பத்தோரு வருஷம்!" டிக்கெட்டிடம் படத்தை நீட்டினார். "பார்யா! ஒரு கீறல் இருக்கா?"

"அண்ணே, உங்க முகத்தை விட இது நல்லா இருக்கு" என்றார் டிக்கெட்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அதான் கேட்க வந்தேன். உள்ள என்ன போட்டிருக்க? தண்ணி அடிச்சு நனைச்சுட்டு உடைக்கலாமான்னு பார்க்கறேன்."

"நனைச்சே, கெட்டே. நனைஞ்சா கல்லாக் கனக்கும், களி மாதிரி ஒட்டும். ஒரு வாரம் சுரண்டுவே. காய்ஞ்சபடியே போடு. சம்மட்டியால நாலு தட்டு, பொலபொலன்னு கொட்டிடும். வெறும் மாவும்மா அது."

"மூக்குக்கு ஏதாவது கட்டிக்கணுமா?"

"தூசு ஏறினா தும்மு. நான் முப்பத்திரண்டு வருஷம் என்னத்தைக் கட்டிக்கிட்டேன்? முதல்ல தகரத்தைக் கழட்டணும். மொத்தம் பதினொரு பட்டை. எண்ணிக்க. பன்னெண்டு போடணும், ஒண்ணு குறைஞ்சது, மேஸ்திரி பார்க்கறதுக்குள்ள இடைவெளியைத் தள்ளி வெச்சுப் பதினொண்ணுல முடிச்சேன்."

அவள் சிரித்தபடி எழுந்தாள். "பத்து மணிக்கு ஆரம்பிக்கறோம். சாயங்காலம் வந்து உன் கையைப் பத்திரமா எடுத்தேனான்னு சொல்றேன்." வந்த வேகத்திலேயே போய்விட்டாள். போர்வைக்காரருக்கு அரை மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கையைக் காட்டினார்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தாள். வழக்கமாக நின்றபடியே பேசுகிறவள், அன்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் உட்கார்ந்தால் சேதி பெரியது என்று அவருக்குத் தெரியும்.

"ஐயா, உங்க நெஞ்சுச் சவ்வுல இருந்து கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினோமே, முடிவு வந்திடுச்சு."

"சிகரெட்டுன்னு சொல்லப் போறீங்க. சொல்லுங்க. நானும் பதில் வெச்சிருக்கேன்."

"சிகரெட் இல்ல."

போர்வைக்காரருக்குப் பொசுக்கென்று போயிற்று. பதினைந்து நாளாகத் தயார் பண்ணி வைத்திருந்த சண்டை அது.

"இது வேற. புற்றுநோய்தான், ஆனா நுரையீரலுக்குள்ள இல்ல. நுரையீரலைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அதுல. மீசோதீலியோமான்னு பேர்."

"மீசையா?" என்றது பத்தாம் கட்டில்.

"யோவ், வாயை மூடு. எனக்கு வந்ததை நான் கேட்டுக்கறேன்."

"நீங்க ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பார்த்திருக்கீங்களா ஐயா?"

"அது கூரைத் தகடு. நான் கூரை ஏறினவன் இல்ல. குழாய் ஆளு."

"குழாய்க்கு மேல என்ன பூசுவீங்க?"

"மாவு. சாக்குல வரும். சாம்பல் கலந்த வெள்ளை. தொட்டியில கொட்டி, தண்ணி விட்டு, கையால பிசைஞ்சு அறையணும். சாக்கை உதறினா எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. நல்ல மாவு பிய்ச்சா நூல் நூலா வரும். நூல் வரலைன்னா சாக்கைத் திருப்பி அனுப்பிடுவேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "நூல் நூலாவா?"

"அதுதானே பலம்! அந்த நூல்தான் பூச்சைப் பிடிச்சு நிக்க வைக்கும். எரியாது. மக்காது. எத்தனை சூட்டுக்கும் அசையாது."

"கல்நார் ஐயா அது. ஆஸ்பெஸ்டாஸ். கூரைத் தகட்டுல போடற அதே நார்தான், உங்க சாக்குல தூளா வந்திருக்கு." அவர் போர்வையின் ஓரத்தில் தொங்கிய நூல் ஒன்றை இழுத்துப் பிய்த்தாள். நகத்தால் இரண்டாகப் பிரித்தாள். அதில் ஒன்றை மறுபடி பிரித்தாள். விரலில் ஏதோ இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "இப்படிப் பிரிஞ்சுக்கிட்டே போகும். கண்ணுக்குத் தெரியாத ஊசியா மிதக்கும். மூச்சோட உள்ள போகும். மத்த தூசுன்னா உடம்பு சளியாத் துப்பிடும். இது ரொம்ப ஆழமாப் போய் அந்தச் சவ்வுல குத்தி நின்னுடும். நீங்களே சொன்னீங்களே, எரியாது, மக்காதுன்னு. உடம்பாலயும் அதைக் கரைக்க முடியாது."

"நாப்பது வருஷமா அது உள்ள என்ன பண்ணிச்சு? தூங்கிச்சா?"

"குத்திக்கிட்டே இருந்தது. குத்தின இடம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி. இருபது வருஷம், முப்பது, நாப்பது, அதுக்கு மேலயும் ஆகும் வெளிய தெரிய. அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல."

அவர் நம்பவில்லை. நம்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பாதி விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார். அவர்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். நெட்டையன் மூச்சு முட்டிப் போனான். சிகரெட் என்றார்கள். கோணவாயன் நெஞ்சில் தண்ணீர் கட்டிப் போனான். வயசு என்றார்கள். மேஸ்திரி, மேஸ்திரியின் தம்பி, பாட்டுக்காரன். அந்தப் பாட்டுக்காரன் வெற்றிலை, புகை, சாராயம் எதையும் தொடாதவன், அவனும் அதே தண்ணீர். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு வருஷம் செத்தான். தனித்தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். ஒருத்தரும் கூட்டிப் பார்க்கவில்லை.

"உங்க வேலைத் துணியை யார் துவைப்பாங்க?" டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவதான். நல்லா உதறிட்டுத்தான் துவைப்பா. சுத்தக்காரி." சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் பெண்சாதி செத்துப் பதினோரு வருஷம். அவளுக்கும் வலது பக்கம்தான் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு நாள்கூடப் புகை பிடித்தவள் இல்லை.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்தாள். அவர் தட்டிவிடவில்லை. அவளை முழுசாக நம்பிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு டாக்டர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்தது.

அப்போது கேட்டது.

டிங். டிங். டிங்.

வார்டின் மூலையில் தரையைத் துளைத்து வந்து கூரையைத் துளைத்துப் போகிற பழைய நீராவிக் குழாய் ஒன்று உண்டு. மேல்மாடியில் ஆபரேஷன் கருவிகளை வேகவைக்க, அடித்தளத்திலிருந்து ஒரு காலத்தில் நீராவி போன வழி. இப்போது துணி காயப்போடத்தான் உதவியது. சத்தம் அதிலிருந்து வந்தது.

போர்வைக்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"என் பொண்ணு."

"என்ன ஐயா?"

"கீழ இருக்கா. என் மாவைத்தான் உடைக்கப் போறா. நான்தான் சொன்னேன். நனைக்காதே, காய்ஞ்சபடியே அடின்னு நான்தான் சொன்னேன்! மூக்குக்கு ஒண்ணும் வேணாம்னு நான்தான்..." மூச்சு நின்றது. இருமினார். "பட்டையை வெட்டறா. பட்டைப் பூட்டு குழாயைத் தாங்கற தொங்கலோட சேர்ந்திருக்கும். அங்க உளி வெச்சு அடிச்சாத்தான் இப்படி டிங்குன்னு கேட்கும். பதினொரு பட்டை. பதினொண்ணும் விழுந்தா தகரம் விழும். அப்புறம் சம்மட்டி."

டாக்டரம்மா ஸ்டூலை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மகளின் கைபேசிக்கு அடித்தாள். தரைக்கடியில் எங்கே மணி அடிக்கும்? கட்டட சூப்பர்வைசருக்கு அடித்தாள். எடுத்தான்.

"அந்தக் குழாயில கல்நார் இருக்கு, உடனே நிறுத்துங்க!"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே மேடம். ரெக்கார்டு என்கிட்ட இருக்கு. நான் பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல சொல்றேன்."

"ஒரு மணி நேரமா?"

டிங். டிங். "ரெண்டு பட்டை போச்சு" என்றார் போர்வைக்காரர்.

நர்ஸ் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். மூன்று மாடி இறங்கி, கொல்லைப்புறம் சுற்றி, அடித்தளப் படி இறங்கணும். அப்படியே போனாலும் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். 'அடிக்கிற இடத்துல அந்நியன் நுழைஞ்சா தலை போயிடும், தாழ்ப்பாள் போட்டுட்டு வேலை செய்' என்று மகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரும் இவர்தான். போதாததற்கு காதில் அடைப்பான் வேறு மாட்டியிருப்பாள்.

மூணு. நாலு. ஏணியைத் தள்ளி வைக்கிற இடைவெளி. அஞ்சு.

"வேகமா செய்யறா சனியன்" என்றார். அதிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, அதை உள்ளேயே அமுக்கினார். காலைத் தரையில் வைத்தார்.

"ஐயா, நீங்க எழுந்திருக்கக் கூடாது!"

"பாட்டிலைத் தூக்குங்க டாக்டரம்மா."

"என்னது?"

"பாட்டிலைத் தூக்கிட்டு என் பின்னால வாங்க. இல்லன்னா பிடுங்கிட்டுப் போவேன்."

டாக்டரம்மா பாட்டிலைத் தூக்கினாள், அவர் இடுப்புக்கு மேலே போகாமல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கச் சுழற்றுகிற இரும்புக் கைப்பிடியை ஒரே இழுப்பில் உருவினார். கட்டிலின் தலைமாடு தடாலென்று இறங்கியது.

ஆறு.

கட்டிலிலிருந்து மூலைக்கு எட்டடிதான். எட்டடிக்கு இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. குழாய்மேல் காய்ந்த சட்டைகளைப் பிய்த்து எறிந்தார். பெயின்ட் அடுக்கடுக்காக அப்பியிருந்தது. அதில் தட்டினால் சத்தம் செத்துப்போகும். தடவிக்கொண்டே போய், இரண்டு குழாய் சேருகிற இடத்தில் போல்ட்டு போட்ட வட்டத்தைக் கண்டுபிடித்தார். நல்ல வெற்று இரும்பு.

குழாய் வேலைக்காரர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. மூணு தட்டு, ஒரு மூச்சு, மறுபடி மூணு தட்டு. அது காதில் விழுந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு விலகணும். ஏன் எதற்கென்று கேட்கக் கூடாது. காது கேட்காத இரைச்சலிலும் குழாயைத் தொட்டிருக்கிற கைக்கு அதிர்ச்சி தெரியும். விளையாட்டுக்கு அதைத் தட்டினவனை அன்றைக்கே கூட்டத்திலிருந்து துரத்திவிடுவார்கள். கேட்டவன் இரண்டு தட்டு திருப்பித் தட்டணும். அந்த இரண்டு வருகிறவரை தட்டினவன் நிறுத்தக் கூடாது.

ஏழு.

தட்டினார். டங், டங், டங். மூச்சு. டங், டங்... மூன்றாவதற்குக் கை எழவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

எட்டு.

"குடுங்க!" டாக்டரம்மா பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு இரும்பைப் பிடுங்கினாள். டங்டங்டங்டங்டங் என்று வெளுத்தாள்.

"அது கல்யாண மேளம்! அவ அடிக்கறதோட கலந்துடும்!" அவர் இருமலுக்கிடையில் கத்தினார். "மூணு! மூணோட நிறுத்தி ஒரு மூச்சு விடுங்க!"

"யார் மூச்சு? உங்க மூச்சா, என் மூச்சா?"

"உங்களது! என்னுதுக்கு நின்னா பொழுது போயிடும்!"

டங். டங். டங். மூச்சு. டங். டங். டங்.

ஒன்பது.

வார்டே எழுந்து உட்கார்ந்திருந்தது. "மூணு!" என்று டிக்கெட் எண்ண ஆரம்பித்தார். "மூச்சு!" என்றார்கள் மற்ற கட்டில்காரர்கள். "மூணு!" "மூச்சு!" டாக்டரம்மாவின் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. பத்தாவது பட்டைக்கு உளி விழுகிற சத்தம் கேட்டது. முதல் அடி. இரண்டாவது அடி. பத்து.

பிறகு ஏணி நகர்கிற இடைவெளி.

டங். டங். டங். மூச்சு. டங். டங். டங்.

கீழே ஒன்றும் இல்லை. உளிச் சத்தமும் இல்லை, பதிலும் இல்லை. போர்வைக்காரர் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, காதைக் குழாயில் ஒட்ட வைத்தார். துருவின் நாற்றம். இரும்பின் குளிர்ச்சி. எங்கோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது அவர் நெஞ்சுக்குள்ளேயே கேட்டதாகக்கூட இருக்கலாம்.

டங்.

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

டங்.

"ரெண்டு!" டிக்கெட் போட்ட கூச்சலில் எதிர் வார்டில் யாரோ எழுந்து ஓடினார்கள். டாக்டரம்மா குதித்தாள். பதினொன்றாம் கட்டில்காரர், இரண்டு கையிலும் கட்டு, கைதட்ட முடியாமல் காலைத் தட்டினார். போர்வைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சூப்பர்வைசர் என்று ஒருத்தன் இருக்கிறானே.

நர்ஸ் கதவை உடைக்காத குறையாகத் தட்டி மகளையும் ஆறடியையும் கொல்லைப்புற வெளிக்குக் கொண்டுவந்தாள். மேலே வராதே என்று டாக்டரம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள். "துணியில தூசு இருக்கும், அங்கேயே நில்லுங்க!" போர்வைக்காரரை நாற்காலியில் வைத்து ஜன்னலுக்கு உருட்டி வந்தார்கள். டிக்கெட்டின் கட்டிலையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொண்டை வேணுமென்றால் ஆளையும் சேர்த்துத்தான் கொண்டுபோகணும், தனியாகக் கழற்றித் தரமுடியாது என்றார் அவர்.

கீழே மகள் அண்ணாந்து நின்றாள். "யார் தட்டினது? யாருக்கு என்ன ஆச்சு?"

போர்வைக்காரர் பேசினார். முனகலாகத்தான் வந்தது. டிக்கெட் அதை வாங்கி ஊருக்குச் சொன்னார்: "அது மாவு இல்லையாம்! கல்நாராம்! நெஞ்சுக்குள்ள போய்க் குத்துமாம்! உங்கப்பாவுக்கு அதுதானாம்!"

"காலையில மாவுன்னாரே!"

அதற்குள் சூப்பர்வைசர் ஒரு கோப்போடு வந்துவிட்டான். கோப்பை விரித்து ஜன்னலுக்குக் காட்டினான், மூன்றாம் மாடியிலிருந்து படிக்கிற கண்ணு நமக்கு உண்டு என்பதுபோல. "மேடம், இதுல எங்கயும் கல்நார்னு இல்ல. சாதாரணப் பூச்சுன்னு இருக்கு." மகள் பக்கம் திரும்பினான். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரும்மா. ஒரு பட்டைதானே பாக்கி? சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா வேற ஆள் வருவான்."

மகள் கோப்பைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "டாக்டர் சொல்றாங்கன்னா? டாக்டர் சொன்னா நம்பாதேன்னு என்னை வளர்த்ததே நீதானே அப்பா. தட்டினதுக்கு வெளிய வந்துட்டேன். ஆனா நிறுத்தணும்னா நீ சொல்லு. அவர் வாயால வேணாம். உன் வாயால சொல்லு."

"ஏன், என் வாய்க்கு என்ன குறைச்சல்?" என்றார் டிக்கெட்.

போர்வைக்காரர் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். டாக்டரம்மா பாட்டிலோடு பின்னால் நின்றாள். எழுபத்திரண்டு வயசில் அவர் யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தை இருந்தது. பெண்சாதியிடம் சொன்னதில்லை. மேஸ்திரி அறைந்தபோதும் சொன்னதில்லை. நெஞ்சில் எவ்வளவு காற்று பிடிக்குமோ அவ்வளவையும் இழுத்தார். குத்தியது. குத்தட்டும் என்று இழுத்தார்.

"நான் சொன்னது தப்பு!"

கொல்லைப்புறச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"தப்பு! உங்கம்மாவைக் கொன்னதும் அதுதான்! தொடாதே!"

மகளின் கையிலிருந்த உளி கல்தரையில் விழுந்தது. பிறகு அவள் திரும்பிப் போய், அடித்தளக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைத் திருகி எடுத்தாள்.

"ஏய், என்ன பண்றே? ரெக்கார்டுல..."

"உங்க ரெக்கார்டுல யாரு கையெழுத்து சார்?"

அவன் புரட்டிப் பார்த்தான். "இருக்கு. யாரோ. தெளிவா இல்ல."

"எங்கப்பா கையெழுத்து அந்தக் குழாய்மேலயே இருக்கு. அஞ்சு விரலோட. ஒண்ணு பாதி. போய்ப் பாருங்க. ஆனா சாவி தரமாட்டேன்." சாவியை உடுப்புக்குள் போடப் போனவள், தூசி நினைவு வந்து நிறுத்தி, நர்ஸிடம் எறிந்தாள். நர்ஸ் பாய்ந்து பிடித்தாள்.

அதற்குமேல் டாக்டரம்மா பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். பெரிய டாக்டர் இன்னும் பெரியவர் யாரையோ கூப்பிட்டார். அரை மணியில் சூப்பர்வைசரே அந்தப் பக்கம் யாரும் நுழையாமல் ஓடி ஓடிக் கயிறு கட்டினான். கொல்லைப்புறத்தில் குழாயில் தண்ணீர் பீய்ச்சி மகளையும் ஆறடியையும் உடுப்போடு நனைத்தார்கள். நனைந்த உடுப்பை அங்கேயே ஒரு பையில் கட்டினார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது என்று. ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டையில் ஆறடி நின்றதைப் பார்த்து, போர்வைக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டை அவன் கணுக்காலைத் தொட்டது.

"தூசு ரொம்பக் கொட்டிச்சா?" டாக்டரம்மா கீழே கேட்டாள்.

"தகர ஓரத்துல ஒரு பிடி. பதினோராவது பட்டைதான் மொத்தத்தையும் பிடிச்சுக்கிட்டு நின்னுது" என்றாள் மகள். "ஒண்ணு குறைவா இருந்ததால கடைசிப் பட்டை நல்லா இறுகிப் போச்சு. உளியை நுழைக்கவே இடம் கிடைக்கல. இல்லன்னா நீங்க தட்டறதுக்குள்ள இறக்கியிருப்பேன்."

போர்வைக்காரர் நாற்காலியைக் கட்டிலுக்குத் திருப்பச் சொன்னார்.

கட்டிலுக்கு வந்ததும் கேட்டார். "எனக்கு எத்தனை நாள்?"

"எண்ணிச் சொல்ல முடியாது ஐயா. பொய் சொல்லமாட்டேன், முழுசாக் குணமாகற நோய் இல்ல. மருந்து இருக்கு, வேகத்தைக் குறைக்கலாம். மூச்சைச் சுலபமாக்கலாம். நாளைக்கே ஆரம்பிப்போம்."

"நாளைக்கா? இன்னைக்கு என்ன கேடு? பேப்பர் எடுங்க."

"எதுக்கு?"

"என் கை பதிஞ்ச இடம் இன்னும் எத்தனை இருக்கு தெரியுமா? எவன் எங்க காய்ஞ்சபடி உடைச்சுக்கிட்டிருக்கானோ. எழுதுங்க."

டாக்டரம்மா அவருடைய அறிக்கையையே பின்பக்கம் திருப்பினாள். அவர் கண்ணை மூடினார். பட்டைகளின் எண்ணிக்கையையே மறக்காத மண்டை. நூல் ஆலை, கொதிகலன் அறை, நாலு வளைவு. ரயில் பட்டறை. கப்பல் பழுது பார்க்கிற இடம், அங்கே எண்ண முடியாது, மொத்தமாப் போடுங்க. பெண்கள் பள்ளிக்கூடச் சமையற்கூடம், சுவருக்குப் பின்னால, ரெண்டு வளைவு. வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கினார். வாங்கிக்கொண்டே போனார். முகத்தில் காலையில் படத்தைப் பார்த்தபோது இருந்த அதே வெளிச்சம்.

"பெரிய மணிக்கூண்டுக்கு எதிர்ல சினிமாக் கொட்டகை. குளிர்சாதனக் குழாய், மேடைக்குப் பின்னால."

"யோவ்!" பத்தாம் கட்டில் குலுங்கியது. "அங்கதான்யா நான் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சேன்!"

"வாசல்லதானே கிழிச்சே? பின்னால போனியா?"

"மத்தியானத் தூக்கமே அந்தக் குழாய்க்கடியிலதான்யா!"

போர்வைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "பூச்சு உதிர்ந்திருந்ததா?"

"இல்லியே. கெட்டியாத்தான் இருந்தது."

"அப்ப நான் பூசினதுதான். உடைக்காத வரைக்கும் பயமில்ல. ஆனா டாக்டரம்மா, இவனையும் ஒரு படம் எடுத்துப் பாருங்க. அந்த இடத்துக்குப் பக்கத்துல பெரிய கோடு போடுங்க. அங்க யாராவது இடிக்க ஆரம்பிச்சா..." இருமல் வந்தது. துப்பினார். வாயைத் துடைத்தார்.

"போட்டேன் ஐயா. அடுத்தது?"

"இருங்க." அவர் பாதி விரலை அந்தக் காகிதத்தை நோக்கி நீட்டினார். "இதுவரைக்கும் எழுதினதை முதல்ல இருந்து படிங்க பார்க்கலாம். ஒண்ணு விட்டிருப்பீங்க."